மசில்லோடருக்குக் கருமருந்துக்குப் பதில் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் குத்தி இறக்கிச் சுடுகிற துப்பாக்கிதான் மசில்லோடர். நம் ஊர்ச் செய்திகளில் நாட்டுத் துப்பாக்கி என்று வருவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதற்குக் கருமருந்தை விட்டுவிட்டு வேறு எதையாவது போட முடியுமா என்று கடந்த 170 வருஷத்துக்கும் மேலாக ஆள் மாற்றி ஆள் முயன்றுகொண்டே இருக்கிறார்கள். கதை முக்கால்வாசி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கிறது. இது வரலாறு மட்டுமே, மருந்து போடும் அளவு எதுவும் இங்கே கிடைக்காது.

கருமருந்தில் அப்படி என்ன குறை? எண்ணூறு வருஷம் ஓடிய சரக்குதானே?

ஓடியதுதான். வெடியுப்பு, கரி, கந்தகம், மூன்றே பொருள். ஆனால் எரிந்ததும் அதன் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சி, கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகிறது, மீதி குழலுக்குள் ஒட்டிக்கொள்கிறது. முதல் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும், மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆறாவதுக்குக் கம்பியின் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஈரத் துணியை உள்ளே விட்டு இழுத்தால் தார் மாதிரிக் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஒரு ராத்திரி கழுவாமல் விட்டால் காலையில் துரு.

போர்க்களத்தில் தொல்லை வேறு மாதிரி. இரண்டு வரிசை சுட்டதும் எதிரி கண்ணுக்குத் தெரிய மாட்டான், புகை எழும்பிய இடத்தை வைத்து நாம் இருக்கும் இடம் மட்டும் அவனுக்குத் தெரிந்துவிடும். ராணுவங்கள் புகையில்லாத மருந்தைத் தேடியது இதனால்தான். வேட்டைக்காரர்களும் குறி சுடுகிறவர்களும் தேடிய காரணம் வேறு, அது கீழே வருகிறது.

முதலில் வந்த மாற்று எது?

துப்பாக்கிப் பஞ்சு. 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் சாதாரணப் பஞ்சை அமிலங்களில் நனைத்து அதை வெடிபொருளாக்கிக் காட்டினார். பார்க்க வெறும் பஞ்சு. எரிந்தால் புகை கிடையாது, கசடும் கிடையாது. ஐரோப்பா முழுக்க ஒரே பரபரப்பு.

பரபரப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1847 ஜூலையில் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஊரில் இதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஆலை வெடித்துச் சிதறியது, சுமார் இருபது பேர் செத்துப்போனார்கள். அந்த ஆலை அதோடு இந்தச் சரக்கைக் கைவிட்டது.

ஆஸ்திரியாக்காரர்கள் மட்டும் விடவில்லை. வான் லெங்க் என்ற பீரங்கிப்படை அதிகாரி பஞ்சை நூலாக முறுக்கி, கழுவிக் கழுவிச் சுத்தப்படுத்தி, பீரங்கிகளுக்கே பயன்படுத்திப் பார்த்தார். அந்தக் காலப் பீரங்கிகளும் வாய் வழியே நிரப்புகிறவைதான் என்பதால், மசில்லோடரில் புகையில்லா மருந்து என்ற முயற்சியைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தவர்கள் இவர்கள் என்று சொல்லலாம். 1862-இலும் 1865-இலும் அவர்களுடைய கிடங்குகள் தாமாகவே வெடித்தன. அப்புறம் ஆஸ்திரியாவும் கும்பிடு போட்டுவிட்டது.

கிடங்கு ஏன் தானாக வெடித்தது என்பதற்கான விடை பஞ்சு நாருக்குள்ளே இருந்தது. நாரின் நடுத் துளையில் அமிலம் மிச்சமிருந்தால், அது மெல்ல மெல்லப் பஞ்சைச் சிதைத்துச் சூடேற்றும். பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவினால் அமிலம் போய்விடும் என்று காட்டி இங்கிலாந்தின் ஃபிரடரிக் ஆபெல் 1865-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் இது நம்பிப் பக்கத்தில் நிற்கக்கூடிய பொருளானது.

துப்பாக்கிப் பஞ்சை அப்படியே மசில்லோடரில் போட்டால் என்ன ஆகும்?

குழல் பிளக்கும். அன்றைக்குப் பரிசோதனை செய்தவர்கள் நிறையவே பிளந்து பார்த்தார்கள்.

கருமருந்து எரிகிற வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தால் பெரிதாக மாறுவதில்லை, வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மணிகளின் பருமன்தான். துப்பாக்கிப் பஞ்சு, வேதியியல் பெயரில் நைட்ரோசெல்லுலோஸ், அப்படிப்பட்ட ஆள் இல்லை. அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் ஏறும், வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும், இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தும். போதாக்குறைக்கு, அதே எடையில் அதனிடம் இருக்கும் சக்தியும் கூடுதல். மசில்லோடர் குழல் கருமருந்தின் மிதமான அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. பின்பக்கம் ஒரு திருகாணி அடைப்பு, பக்கத்தில் நெருப்பு போக ஒரு துளை, பல துப்பாக்கிகளில் மென்மையான இரும்பு. துல்லியமாகத் தயாரித்த தோட்டாவுக்குள் ஒழுங்காக நடந்துகொள்கிற மருந்து, கையால் கொட்டி, கையால் குத்தி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வித்தியாசமாக இறங்கும் குண்டுக்குப் பின்னால் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சரி, முதலில் வெற்றி பெற்றது எது?

ஷுல்ட்ஸே மருந்து. 1860-களின் நடுவில் பிரஷ்யப் பீரங்கிப்படைக் கேப்டன் ஷுல்ட்ஸே பஞ்சுக்குப் பதில் மரத்தை எடுத்துக்கொண்டார். மரநாரிலிருந்து செய்தது பஞ்சை விட நிதானமாக எரிந்தது. ரைஃபிளுக்கு அது அப்போதும் வேகம்தான், ஆனால் ரவை சுடும் ஷாட்கன்னுக்குப் பொருந்திப்போனது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் ஐவொர்த் என்ற இடத்தில் இதற்காகவே ஒரு ஆலை ஓடியது. பிரான்சின் பால் வியேய் 1884-இல் பூட்ர் பி கண்டுபிடித்ததையும் 1886-இல் லெபெல் ரைஃபிள் வந்ததையும்தான் புகையில்லா மருந்தின் பிறப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்பே வாத்து சுடுகிறவர்கள் ஷுல்ட்ஸே மருந்தோடு குளக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் நான் முக்கியம் என்று நினைப்பது மரத்தை அல்ல, அளவை. ஷுல்ட்ஸே மருந்தும் பின்னால் 1880-களில் வந்த ஈ.சி. மருந்தும், அமெரிக்காவில் டூபான்ட் 1890-களில் விற்ற பல்க் மருந்தும் கருமருந்தை அளக்கிற அதே குவளையால் அளக்கும்படி உப்பலாகச் செய்யப்பட்டவை. சுடுகிறவன் தராசு வைத்திருக்கவில்லை, கையில் இருந்தது ஒரு பித்தளைக் குவளை. மூன்று டிராம் (ஒரு பழைய எடை அளவு) கருமருந்துக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு கொட்டு, வேலை முடிந்தது. அமெரிக்க ஷாட்கன் தோட்டாப் பெட்டிகளில் ‘டிராம் ஈக்விவலன்ட்’ என்று போடும் வழக்கம் அந்தக் குவளையின் மிச்சம்.

இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது இதுதான். எந்த மாற்று மருந்து பழைய குவளைக்கு அடங்கியதோ அது நிலைத்தது, அடங்காதது ஒன்று காணாமல் போனது, இல்லையென்றால் ஆளைக் காயப்படுத்தியது.

அடங்காதவை எவை?

நோபெல் 1887-இல் கொண்டுவந்த பாலிஸ்டைட், 1889-இல் ஆபெலும் டூவரும் உருவாக்கிய கார்டைட், இந்த வகையறா. இவை அடர்த்தியானவை. பாலிஸ்டைட் ஷாட்கன் மருந்தாகவும் விற்கப்பட்டது. குவளைக் கணக்கில் பழகிய கை இதையும் குவளையால் அள்ளினால் கணக்கு பல மடங்கு எகிறிவிடும். இரண்டு வகையின் டப்பாவிலும் ‘புகையில்லா’ என்றே எழுதியிருந்ததால், எது எந்த வகை என்று தெரியாமல் துப்பாக்கியைப் பாழாக்கியவர்கள் ஏராளம்.

கார்டைட் நம் ஊரிலும் செய்தார்கள் அல்லவா?

ஆமாம், நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு. 1904-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அது ராணுவத்துக்கான சரக்கு, மசில்லோடருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கருமருந்தோடு புகையில்லாததைக் கலந்து விற்றார்களாமே?

விற்றார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் கிங் கம்பெனி 1900-ஐ ஒட்டி ‘செமி ஸ்மோக்லெஸ்’ என்று ஒன்று கொண்டுவந்தது. டூபான்ட் லெஸ்மோக் என்று ஒன்று செய்தது, அது கருமருந்தும் துப்பாக்கிப் பஞ்சும் சேர்ந்தது. புகை குறைவு, கசடு மிருதுவாக இருக்கும் என்பதால் .22 ரைஃபிளில் குறி சுடும் போட்டியாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் தயாரிப்பதுதான் ஆபத்து. கருமருந்து தீப்பொறிக்குப் பயப்படும் பொருள், பஞ்சு உலரும்போது பயப்பட வேண்டிய பொருள், இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது மறைந்துபோனது.

எல்லோரும் தோட்டாவுக்கு மாறிய பிறகு மசில்லோடருக்கு யார் மருந்து தேடினார்கள்?

மறுபடி மசில்லோடருக்குத் திரும்பியவர்கள். 1933-இல் அமெரிக்காவில் தேசிய மசில்லோடிங் ரைஃபிள் சங்கம் உருவானது, இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில் இன்றும் அவர்களுடைய போட்டிகள் நடக்கின்றன. அதன் பிறகு பல மாநிலங்கள் மசில்லோடருக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கின. கூடுதலாகச் சில நாள் வேட்டையாடலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கூட்டம் பெருகியது.

கூட்டம் பெருகிய நேரத்தில்தான் கருமருந்து கிடைக்காமல் போக ஆரம்பித்தது. 1970-இல் வந்த அமெரிக்கச் சட்டம் வெடிபொருள் விற்பனையையும் சேமிப்பையும் இறுக்கிப் பிடித்தது. விளையாட்டுக்காக 50 பவுண்டு வரை வாங்குகிறவர்களுக்குப் பின்னால் விலக்கு கொடுத்தார்கள், ஆனால் கடைக்காரருக்குத் தலைவலி அப்படியே இருந்தது. கருமருந்து வெடிபொருள் வகுப்பில் வருவதால் தனிக் கிடங்கு வேண்டும், வண்டியில் ஏற்றத் தனி விதி. பென்சில்வேனியாவில் டூபான்ட்டின் கருமருந்து ஆலை 1971-இல் வெடிவிபத்தைச் சந்தித்தது, சீக்கிரமே டூபான்ட் அந்த ஆலையைக் கைமாற்றிவிட்டது. பின்னாளில் கோயெக்ஸ் என்று பெயர் பெற்றது அதுதான்.

ஆக, 1970-களில் சுடுகிறவர்களுக்குத் தேவைப்பட்டது புகை இல்லாத மருந்து அல்ல. கடை அலமாரியில் சாதாரணமாக வைத்து விற்கக்கூடிய மருந்து.

அப்படித்தான் பைரோடெக்ஸ் வந்ததா?

ஆமாம். வாஷிங்டன் மாநிலத்தில் டான் பாவ்லாக் என்பவர் உருவாக்கினார், கான்சாஸின் ஹாட்ஜ்டன் நிறுவனம் 1976-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹாட்ஜ்டன் இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ மருந்தை வாங்கிச் சில்லறையாக விற்று வளர்ந்த குடும்பக் கம்பெனி, சந்தையின் நாடி தெரிந்தவர்கள்.

பைரோடெக்ஸில் கருமருந்தின் அதே மூன்று பொருளும் உண்டு, அவற்றின் பங்கைக் குறைத்துவிட்டுப் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் வேறு சில வேதிப்பொருள்களும் சேர்த்திருக்கிறார்கள். தீப்பிடிக்கும் வெப்பநிலை கருமருந்தை விட அதிகம். அதனால் போக்குவரத்து விதியில் வெடிபொருளாக இல்லாமல் எளிதில் தீப்பற்றும் திடப்பொருளாக வகைப்படுத்தினார்கள். ஒரே கையெழுத்தில் பிரச்சினை தீர்ந்தது. அளவும் பழைய கதைதான்: குவளையால் அளந்தால் கருமருந்துக்குச் சமம், ஆனால் உப்பல் என்பதால் அந்தக் குவளையில் எடை சுமார் 30 சதவீதம் குறைவு. இதைத் தராசில் நிறுத்துக் கருமருந்தின் எடைக்குச் சமமாகப் போட்டால் அதிக மருந்து போட்டதாக ஆகிவிடும். எடையால் அல்ல, கொள்ளளவால் அளக்கவும் என்று டப்பாவில் சொல்லியிருப்பது இதற்காகத்தான்.

1977 ஜனவரியில் இஸ்ஸகுவா ஊரிலிருந்த ஆலையில் நடந்த விபத்தில் பாவ்லாக்கும் அவரோடு மூன்று பேரும் இறந்தார்கள். கருமருந்தை விடப் பத்திரமானது என்று சொல்லி விற்ற சரக்கைச் செய்யும்போதே கண்டுபிடித்தவர் போய்விட்டார். ஹாட்ஜ்டன் பிறகு கான்சாஸில் ஆலை போட்டுத் தொடர்ந்தது.

பைரோடெக்ஸ் புகையில்லாததா?

இல்லவே இல்லை. நன்றாகப் புகைவிடும், நாற்றமும் உண்டு. கசடு சற்றுக் குறைவு, அதனால் இடையில் துடைக்காமல் கூடுதலாகச் சில முறை சுடலாம். அவ்வளவே.

கழுவாமல் விட்டால் இன்னும் மோசம் என்பது என் கருத்து மட்டுமல்ல. பெர்குளோரேட் எரிந்தால் குளோரைடு உப்பு மிஞ்சும், உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கடலோரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கசடு கம்மியாக இருக்கிறதே என்று ஏமாந்து ரெண்டு நாள் தள்ளிப்போட்ட குழல்களில்தான் உள்ளே குழிக்குழியாக அரித்திருக்கும்.

இன்னொரு குறை, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு இது சரிப்படாது. கல் பொறிக்கு இது லேசில் பற்றாது. பொறி விழும் தட்டில் உண்மையான கருமருந்துதான் வேண்டும். கேப்பு, அதாவது அடித்தால் பொறி கக்கும் சின்ன மூடி, வைத்து அடிக்கும் துப்பாக்கிகளுக்குத்தான் இந்த மாற்றுகள் எல்லாம்.

கந்தகம் இல்லாத மருந்து என்கிறார்களே, அது எது?

இரண்டு பாதை. ஒன்று அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யை, எரிபொருளாக வைத்து 1980-களில் தொடங்கிய வரிசை. தண்ணீரில் சுலபமாகக் கழுவலாம், நாற்றம் கிடையாது. ஆனால் பல பெயர்களில் வந்து வந்து போனது, ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்ற புகார் ஓயவே இல்லை.

இன்னொன்று 2000-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்டன் கொண்டுவந்த ட்ரிபிள் செவன். கந்தகம் இல்லை, வெறும் தண்ணீரிலேயே போகும். இது குவளை விதியைக் கொஞ்சம் மீறியது: அதே கொள்ளளவுக்குக் கருமருந்தை விட வலு கூடுதல், குறைத்துப் போட வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதினார். இதற்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சுட்ட பிறகு மருந்து இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் குழலுக்குள் ஒரு வளையமாகக் கசடு இறுகிவிடும். அடுத்த குண்டு இறங்கிக்கொண்டே வந்து அந்த வளையத்தில் டக்கென்று நிற்கும். அடிவரை போய்விட்டது என்று நினைத்துவிட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி, மசில்லோடரில் அதைவிட ஆபத்தான நிலைமை கிடையாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கம்பியில் கோடு போட்டு வைத்து, குண்டு எதுவரை போயிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்கள்.

பிளாக்ஹார்ன் 209?

2008-இல் மொன்டானாவின் வெஸ்டர்ன் பவுடர்ஸ் வெளியிட்டது. ஷோன்பைன் தொடங்கிய இடத்துக்கு, அதாவது நைட்ரோசெல்லுலோஸுக்கு, இந்தத் துறை சுற்றித் திரும்பி வந்த மருந்து இது. ஆனால் அதைக் கட்டிப்போட்டு, கருமருந்துத் துப்பாக்கியின் அழுத்தத்துக்குள் நிற்கும்படி, பழைய குவளையாலேயே அளக்கும்படி செய்திருக்கிறார்கள். குழலில் கசடு மிகக் குறைவு, ஈரத்தை இழுப்பதில்லை, வழக்கமாகத் துப்பாக்கி துடைக்கும் கரைப்பானால் துடைத்தால் போதும். என் கணக்கில் ஷுல்ட்ஸேயின் நேரடி வாரிசு இதுதான்.

பிடிவாதமும் உண்டு. சாதாரணக் கேப்பின் நெருப்பு போதாது, ஷாட்கன் தோட்டாவில் வருகிற, இன்னும் வலுவாகப் பற்றவைக்கும் 209 பிரைமர் வேண்டும். மிசூரியின் டோனி நைட் 1985-இல் வெளியிட்ட எம்கே-85 போல, நெருப்பு நேர்க்கோட்டில் மருந்துக்குள் பாயும் இன்லைன் துப்பாக்கிகள் பரவியிருக்காவிட்டால் இந்த மருந்துக்கு வேலையே இருந்திருக்காது. விலையும் கையைக் கடிக்கும்.

அசல் புகையில்லா மருந்தையே போடும் மசில்லோடர் உண்டா?

ஒன்று பெரிய கம்பெனியிலிருந்து வந்தது, சாவேஜ் 10எம்எல். வட கரோலினாவின் ஹென்றி பால் யோசித்தது. மருந்தை மாற்றுவதற்குப் பதில் துப்பாக்கியை மாற்றினால் என்ன என்பதுதான் அவர் கேள்வி. உறுதியான போல்ட் ரைஃபிளின் உடம்பை எடுத்துக்கொண்டு, பின்பக்க அடைப்பையும் பிரைமர் உட்காரும் இடத்தையும் உயர் அழுத்தத்துக்கு ஏற்றபடி வடிவமைத்தார். சாவேஜ் அதை 2000-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2010 வாக்கில் நிறுத்திவிட்டது.

நடுவில் குழல் வெடித்ததாக வழக்குகளும் வந்தன. துப்பாக்கி பலமாக இருக்கலாம், ஆனால் குவளை போய்த் தராசு வந்துவிட்டது, எந்த மருந்து எவ்வளவு என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். ஒரே குழலில் தெரியாமல் இரண்டு தடவை மருந்து போட்டுவிடுவதும் மசில்லோடரில் சுலபம், கருமருந்தாக இருந்தால் தோள் வலியோடு தப்பிக்க வாய்ப்புண்டு, இதில் கிடையாது. இப்போதும் தனிப்பட்ட துப்பாக்கிக் கொல்லர்கள் இத்தகைய ரைஃபிள்களைச் செய்துதான் கொடுக்கிறார்கள். பழைய துப்பாக்கியில் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சரிதான் என்று அதிலிருந்து யாரும் அர்த்தம் எடுக்கக்கூடாது.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில், தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டால்?

வேண்டாம். மேலே சொன்ன எல்லாக் காரணமும் அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அந்தக் குழல் எந்த இரும்பு, யார் பற்றவைத்தது என்பதே பல நேரம் தெரியாது. கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர் துப்பாக்கியைத் தன் கன்னத்தில் வைத்துச் சுடப்போவதில்லை.

கடைசியாக, மருந்தைப் பின்பக்கமாகப் போட்டால் அது மசில்லோடர் ஆகுமா?

இப்போதைய சண்டை இதுதான். 2020-இல் ஃபெடரல் நிறுவனம் ஃபயர்ஸ்டிக் என்று ஒன்று கொண்டுவந்தது. அளந்த மருந்து அடைத்த ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதைப் பின்பக்கமாகச் செருக வேண்டும், குண்டை மட்டும் வாய் வழியே இறக்க வேண்டும். குவளையே ஆலையில் அளந்து மூடி வந்துவிட்டது. இரட்டை மருந்து போடும் பயமில்லை, வேட்டை முடிந்ததும் குப்பியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பத்திரம் என்று பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் மசில்லோடர் பருவத்தின் நோக்கமே கஷ்டப்பட்டு வேட்டையாடுவதுதானே என்று பழையவர்கள் கேட்கிறார்கள், சில மாநிலங்கள் அனுமதித்தன, சில மறுத்தன. கொலராடோ இதில் கறார்: மசில்லோடர் பருவத்தில் புகையில்லா மருந்து கிடையாது, வில்லையாக அழுத்திய மருந்தும் கிடையாது, தூளைக் கொட்டித்தான் சுட வேண்டும்.

இதற்கிடையே அசல் கருமருந்துக்கே ஆபத்து வந்தது. கோயெக்ஸை வாங்கி வைத்திருந்த ஹாட்ஜ்டன், பென்சில்வேனியாவிலிருந்து லூசியானாவுக்கு இடம் மாறியிருந்த அந்த ஆலையை 2021-இல் மூடுவதாக அறிவித்தது. பைரோடெக்ஸ் விற்ற அதே கம்பெனி என்பதால் சந்தேகப்பட்டவர்கள் நிறைய. அடுத்த வருஷமே அதை வாங்கியவர்கள் சிறுவர்கள் விடும் மாதிரி ராக்கெட்டுகளைச் செய்யும் எஸ்டஸ், அவர்களுடைய ராக்கெட் மோட்டாருக்கும் கருமருந்துதான் வேண்டும்.